பிரசாதம் கணக்கில் சேராது

இயற்கை மருத்துவக் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்க்கக் காரைக்காலுக்கு வந்திருந்தார்கள். பட்டம் வாங்கிய பிள்ளைகள். ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். சைகோனில் நான் தொழில் கற்ற கதையை முதலில் வாயால் சொல்லிக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண், "ரொம்ப நல்லா இருக்கு தாத்தா. அந்த ஆஸ்பத்திரி விஷயத்தை மட்டும் விட்டுடுங்களேன். இப்பதான் நம்ம துறைக்கு ஒரு மரியாதை வந்துட்டிருக்கு" என்றாள். சரி என்று தலையை ஆட்டி, எலுமிச்சம் சாறு கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இப்போது எழுத உட்கார்ந்தாயிற்று. ஆஸ்பத்திரி விஷயத்தைத்தான் எழுதப்போகிறேன். மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் அந்தத் தாளில் வடை மடித்துக்கொள்ளட்டும்.

என் அப்பா சைகோன் துறைமுகத்தில் சுங்கக் காவலராக இருந்தார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பிறந்தவர்கள் கொஞ்சம் பிரெஞ்சு பேசினால் போதும், கப்பலேறிப் போய் அங்கே ஏதாவது ஒரு சர்க்கார் நாற்காலியைப் பிடித்துவிடலாம். நான் பரீட்சையில் கோட்டை விட்டேன். நாற்காலி போயிற்று. அப்பா என்னை இழுத்துக்கொண்டுபோய் சவரிநாதன் என்பவரிடம் விட்டார். "எனக்கு இவனால ஒரு உபயோகமும் இல்ல. உங்களுக்காவது தண்ணி சுமக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்.

சவரிநாதனை எல்லோரும் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சில் ஐயா என்று சொல்கிற சொல் எங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. அவரும் காரைக்கால்காரர்தான். முதல் மகாயுத்தத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களைக் குளிப்பாட்டும் வேலைக்குப் பிரான்ஸ் போனவர், யுத்தம் முடிந்தபின் அங்கே ஒரு மலையூரில் தண்ணீர் வைத்தியம் செய்யும் இடத்தில் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டார். பிறகு சைகோனுக்கு வந்து, ஆற்றுக் கால்வாய்க்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, முற்றம் முழுக்கத் தொட்டிகளாகப் போட்டார். தண்ணீர், மண், வெயில், பட்டினி, இந்த நான்கும்தான் அங்கே மருந்து. சர்க்கார் அனுமதியில் அது வெறும் குளியல் கூடம். ஏனென்றால் முசேயிடம் டாக்டர் பட்டம் கிடையாது. நோயைப் பார்க்கிறார் என்று எவனாவது எழுதிப் போட்டால் மறுநாளே பூட்டு விழும்.

படிப்பு எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். முதலில் வெகுகாலம் தண்ணீர் சுமந்தேன், ஈரத்துணி அலசினேன், மண் சலித்தேன். அதற்குப் பிறகு முசே என்னை நோயாளியாக்கினார். தன் உடம்பில் வாங்காததை அடுத்தவன் உடம்பில் கொடுக்கக் கூடாது என்பது அவர் சட்டம். பட்டினி போட்டார். எனிமா கொடுத்தார். தலை மட்டும் வெளியே தெரிய நீராவிப் பெட்டிக்குள் உட்காரவைத்துப் புழுங்க விட்டார். நனைத்த போர்வையில் என்னைக் கோழிக்குஞ்சாகச் சுற்றிக் கட்டிலில் போட்டு, "இப்ப என்ன தோணுது? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் குளிரும், பிறகு சூடு பரவும், பிறகு தூக்கம் வரும், அதன்பின் எரிச்சல் வரும். எரிச்சல் வருவதற்கு முன்னால் துணியை எடுத்துவிட வேண்டும் என்பதை நான் என் தோலில் படித்தேன். இந்தப் படிப்புக்குச் சான்றிதழ் கேட்டால் முதுகைத்தான் காட்ட முடியும்.

இடுப்புக் குளியலைச் சொல்லாமல் விட்டால் முசேக்குத் துரோகம் செய்தவனாவேன். சாய்வு நாற்காலி மாதிரி முதுகுள்ள தொட்டி. தொப்புள் வரைக்கும் தண்ணீர். கால் இரண்டும் வெளியே, முக்காலியின் மேல், காய்ந்த துணியால் மூடியிருக்க வேண்டும். காலில் ஒரு சொட்டுப் பட்டால் முசே கத்துவார். தண்ணீர் உடம்பை விடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சைகோன் வெக்கையில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், ஆகையால் ஐஸ் கட்டி வாங்கிக் கரைப்போம். முசே வலது மணிக்கட்டின் உள்பக்கத்தைத் தண்ணீரில் வைத்துக் கண்ணை மூடுவார். சம்மதம் என்றால் தலையசைப்பார். இல்லையென்றால் என்னை ஒரு பார்வை பார்ப்பார், நான் இன்னொரு குடம் எடுத்து வர ஓடுவேன். நோயாளி சொரசொரப்பான துணியால் தன் அடிவயிற்றை வலமிருந்து இடமாக நிறுத்தாமல் தேய்க்க வேண்டும். உடம்பு நடுங்க ஆரம்பித்ததும் எழுந்துவிட வேண்டும், எழுந்து வியர்க்கும் வரை நடக்க வேண்டும். நடக்காதவனுக்கு மறுநாள் தொட்டி கிடையாது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் இடுப்பில் துண்டோடு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். முசே குத்துக்கல் மாதிரி நடுவில் நிற்பார்.

அதிகம் பேச மாட்டார். வெள்ளை டிரில் சட்டை, கழுத்துவரை பித்தான். நோயாளியின் நாக்கைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் படுத்திருந்த அறைக்குள் போய் மோந்து பார்ப்பார். "வாய் பொய் சொல்லும். உடம்பு சொல்லாது" என்பார். மருந்து என்றாலே முகத்தைச் சுளிக்கிறவர், ஒரு புட்டியை மட்டும் பிரெஞ்சு மருந்துக்கடையில் வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். நீல நிறத் திரவம் அது. அதில் சிறுநீரைக் கலந்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினால், சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கற்ற வேலை. காய்ச்சும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

அந்தப் புட்டிக்கு வேலை வைத்தவர்கள் செட்டியார்கள். அவர்கள் வட்டிக்கடை எல்லாம் கிட்டங்கி என்கிற நீண்ட கூடங்களில் இருக்கும். ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் பாய். பகலெல்லாம் அந்தப் பாயில் உட்கார்ந்து வியாபாரம், இராத்திரி அதே இடத்தில் படுக்கை. பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். ஆறுதலுக்கு இருப்பது சமையலாள் ஒருவர்தான், அவரும் நெய்யை அளந்து ஊற்றுகிறவர் அல்ல. நடை கிடையாது. மூலம், மலச்சிக்கல், சர்க்கரை மூன்றும் எங்கள் தொட்டிகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தன.

பெரிய கடை ஒன்றின் மேலாள் ராமநாதன் செட்டியார். மேலாள் என்றால் ஊரிலிருக்கும் முதலாளிக்குப் பதிலாக இங்கே கடையை நடத்துகிறவர். கனத்த உடம்பு, நல்ல சர்க்கரை. முசே அவருக்கு அரிசியை நிறுத்தினார், வெல்லத்தை நிறுத்தினார், அவித்த காய், கீரை, மோர் என்று கட்டிப்போட்டார். காலையில் ஆற்றோரம் நடை, அப்புறம் தொட்டி. மனிதர் சொன்னதைத் தட்டாமல் செய்தார். ஆனாலும் நான் தினமும் காய்ச்சினால் செங்கல்தான்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று முசே கேட்பார்.

"நீங்க சொன்னதத் தவிர ஒண்ணும் தொடலை. முருகன் சாட்சி" என்பார் செட்டியார். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

ஒருநாள் மாலை முசே, தன் கிறிஸ்தவ வேதத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, செட்டியார்களின் முருகன் கோயில் வாசலில் போய் நின்றார். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. மறுநாள் செட்டியார் வந்ததும், "கோயில்ல என்ன வாங்கிக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"பஞ்சாமிர்தம்."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

செட்டியார் நிஜமாகவே திகைத்துப்போனார். "நீங்க என்ன சாப்பிட்டேன்னுல கேட்டீக? பிரசாதம் எப்படிச் சாப்பாடாகும்?"

தினமும் மாலையில் ஒரு தொன்னை நிறையப் பழமும் வெல்லமும் கற்கண்டும் தேனும் உள்ளே போயிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைச் சாப்பாட்டில் சேர்த்திருக்க மாட்டேன். எங்கள் ஜனங்களில் எவனும் சேர்க்க மாட்டான். முசே அதற்கும் வழி சொன்னார். தொன்னையைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேறு ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த வேறு ஒருவர் நானாகிவிட்டேன். செட்டியார் இளைக்க நான் கொழுத்தேன். கொஞ்ச காலத்தில் புட்டி நீலமாகவே நின்றது. கிட்டங்கி முழுக்க முசேயின் பெயர் பரவியது. அதன்பின் எந்த நோயாளி வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, கோயிலில் என்ன வாங்கிக்கொண்டாய் என்பதுதான். நல்ல கேள்விதான், அதற்காகப் பெருமைப்பட அவருக்கு உரிமை இருந்தது.

அந்தப் பெருமைதான் சொக்கலிங்கத்தைக் கொல்லப் பார்த்தது.

சொக்கலிங்கம் அதே கடையில் அடுத்தாள், அதாவது மேலாளுக்குக் கீழே வேலை பழகுகிறவன். காரைக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாகக் கப்பலேறி வந்தவன். மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. வந்து சில மாதங்களுக்குள் ஆள் பாதியாகிவிட்டான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், அடிக்கடி எழுந்து வெளியே போனான். ராமநாதன் செட்டியார் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "எனக்கு வந்ததுதான் இவனுக்கும். எனக்குச் செஞ்சதையே செஞ்சிருங்க" என்றார். நான் காய்ச்சினேன். அப்படியொரு சிவப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

முசே கொஞ்சம் கூடுதலாகவே செய்ய நினைத்தார். பையன் எங்கள் கூடத்திலேயே தங்கட்டும், வெறும் தண்ணீரில் பட்டினி இருக்கட்டும், தொட்டியும் வயிற்றுக்கு ஈர மண்பட்டியும் கொடுப்போம் என்றார். மறுநாள் காய்ச்சினேன், செங்கல். அதற்கு மறுநாளும் செங்கல். முசே அவன் கட்டிலருகே போய் நின்றார்.

"கோயில்லேருந்து யார் வந்தா?"

"யாரும் வரலீங்க."

"உங்க மேலாள் விபூதி கொண்டுவந்தாரே, அவர் என்ன கொடுத்தார்?"

"விபூதி மட்டுந்தாங்க. பூசிக்கிட்டேன். வேற ஒண்ணும் வாயில வைக்கலீங்க."

முசே நம்பவில்லை. என்னைக் காவலுக்குப் போட்டார். நான் அவன் அறை வாசலில் பாயைக் குறுக்கே விரித்து உட்கார்ந்தேன், அங்கேயே படுத்தேன். அவன் குடித்த தண்ணீரும் என் கையால் கொடுத்தது. அப்படியும் செங்கல்.

பிறகு வாந்தி வந்தது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டான். மூச்சு மாறியது. அசையாமல் படுத்திருக்கிறவன், ஓடி வந்தவன் மாதிரி நெஞ்சு எழும்பி எழும்பி மூச்சு வாங்கினான். வாயில் அழுகிய பழ வாசனை வீசியது. முசே வந்து மோந்து பார்த்துவிட்டு, "கிரீஸ்" என்றார்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நோய் உடம்பை விட்டுப் போகும்போது கடைசியாக ஒரு ஆட்டம் ஆடும் என்பது எங்கள் தொழிலின் கொள்கை. காய்ச்சலோ வாந்தியோ வரும், தோலில் தடிக்கும், வாய் நாறும். அது கழிவு வெளியேறும் நேரம், பயந்துபோய் மருந்து கொடுத்து அடக்கக் கூடாது என்பார்கள். பிரெஞ்சில் அதற்குக் கிரீஸ் என்று பெயர். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். முசேயின் கையில் அப்படிக் கொதித்து அடங்கி எழுந்து போனவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டினி கிடப்பவன் வாயும் ஒரு மாதிரி நாறும்தான். ஆனால் அந்த ஆட்களெல்லாம் வாந்தி எடுத்து முடித்ததும் லேசாகிவிடுவார்கள். நம்மைப் பார்ப்பார்கள், எதையாவது கேட்பார்கள், திட்டவாவது செய்வார்கள். சொக்கலிங்கம் என்னைப் பார்த்து "ஆத்தா" என்றான். அவன் கண் என் மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது.

முசே தன் மேஜையில் உட்கார்ந்திருந்தார். நேராகப் போய்ச் சொன்னேன்.

"முசே, இது கிரீஸ் இல்ல."

"நீ எத்தனை கிரீஸ் பாத்துட்டே கலியா?" என் பெயர் கலியபெருமாள்.

"நீங்க காட்டினதெல்லாம் பாத்திருக்கேன். இப்படி ஒரு மூச்சு பாத்ததில்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுவோம்."

"எவனோ பஞ்சாமிர்தம் கொடுத்திருக்கான். அதான் இவ்வளவு கழிவு."

"வாசல்ல நான்தானே படுத்திருக்கேன்? என்னைத் தாண்டி ஒரு எறும்பு போகல. ஒண்ணுமே உள்ள போகாம செங்கலாவுது முசே. வாய்தான் பொய் சொல்லும், உடம்பு சொல்லாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? அந்த உடம்பு சொல்லுது, கேளுங்க."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலை இன்னும் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரியில யார் பாத்தாங்கன்னு கேப்பான். கூடத்தைப் பூட்டிடுவான். நாளைக்கு வர்றவங்களுக்கெல்லாம் யார் தொட்டி கொடுக்கறது? போய் எனிமா கொடு. விடிஞ்சா தெளிஞ்சிடும்."

"மாட்டேன் முசே."

அந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் எனிமாக் குவளையைத் தானே எடுத்துக்கொண்டு போய், தானே கொடுத்தார். முறை பிசகாமல் கொடுத்தார். மறுநாள் விடிந்தது, பையன் தெளியவில்லை.

காலையில் ராமநாதன் செட்டியார் பார்க்க வந்தார். அவரிடமும் கேட்டேன். "முசே என்ன சொன்னாகளோ அதுதாம்ப்பா. ஆஸ்பத்திரியில மாட்டுக்கறிச் சூப்பை வாயில ஊத்துவான். ஊருல இவன் ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. முசேயும் கெட்ட மனிதர் இல்லை. இரண்டு நல்ல மனிதர்கள் நடுவில் ஒரு பையன் செத்துக்கொண்டிருந்தான்.

சைகோனில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே தூங்கும். கடை, சர்க்கார் கச்சேரி எல்லாம் சாத்திவிடுவார்கள். முசேயும் தூங்கப் போனார். துணி துவைக்கும் அனாமியப் பெண், அதாவது வியட்நாம்காரி, மட்டும் முற்றத்தில் இருந்தாள். சீ பா என்று கூப்பிடுவோம், மூன்றாவது அக்கா என்று அர்த்தம். அறைக்குள் எட்டிப் பார்த்து "சோய் ஓய்!" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். கடவுளே என்று அவர்கள் அலறும் விதம் அது. நான் பையனைத் தோளடியில் பிடித்துத் தூக்கினேன். அவளே கால் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டாள். தெருமுனையில் ஒரு மலபார் வண்டி நின்றது. பெட்டி மாதிரி குதிரை வண்டி. ஒரு காலத்தில் அதை ஓட்டியவர்கள் எங்கள் ஆட்கள் என்பதால், எங்களை அழைக்கும் பெயரையே பிரெஞ்சுக்காரன் வண்டிக்கும் வைத்துவிட்டான். ஓட்டுகிறவர் நாகூர்க்காரர்.

"பாய், ஆஸ்பத்திரிக்கு. தட்டி விடுங்க."

"என்னாச்சு புள்ளைக்கு?"

"அத அங்க போய்க் கேப்போம். ஓட்டுங்க."

அவன் தலை என் மடியில் இருந்தது. அந்த மூச்சு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அவ்வளவு பயம். வழியில் செத்துப்போனால் கொன்றவன் நான்தான், தொட்டியில் கிடந்து செத்திருந்தால் விதி. ஊர் அப்படித்தான் பேசும் என்று தெரியும். ஆனாலும் வண்டியைத் திருப்பச் சொல்லத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஒரு இளம் அனாமியர். பையனின் வாயருகே குனிந்தார், நிமிர்ந்தார், நர்சைக் கூப்பிட்டார். ஊசி, நரம்பில் உப்புத் தண்ணீர், இன்னொரு ஊசி. வயதான கனத்த ஆளுக்கு வரும் சர்க்கரை வேறு, இப்படி இளம்பிள்ளையை உருக்கும் சர்க்கரை வேறு என்று பிற்பாடு சொன்னார். பின்னதற்குத் தண்ணீரும் நடையும் போதாது, இன்சுலின் ஊசி ஒன்றுதான் உயிர், பட்டினி போட்டால் அது கொலை என்றார். எல்லாம் முடிந்தபின் என் பக்கம் திரும்பினார். நான் முழங்கைவரை சுருட்டிய சட்டையும், இடுப்பில் மண் கறை படிந்த வேலைத் துணியுமாக நின்றிருந்தேன்.

"எங்கே கிடந்தான் இவன்? யார் பட்டினி போட்டது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"நோயாளியைப் பாருங்கள் டாக்டர்."

"உங்களைப் போன்ற தண்ணீர் மந்திரவாதிகளை ஒழித்தால்தான் இந்த ஊர் உருப்படும். அந்த ஆளின் பெயரைச் சொல். எழுதிக் கையெழுத்துப் போடு."

எனக்கு ரத்தம் கொதித்தது. முசேயின் மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த நிமிஷம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. "மந்திரம் ஒன்றும் தெரியாது. தொழில் தெரியும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி. அதனால்தான் இவன் உங்கள் கட்டிலில் இருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்கள். அவனுக்கு அடுத்த ஊசி போட மறந்துவிடாதீர்கள்."

அவர் போலீஸைக் கூப்பிடவில்லை. ஊசியையும் மறக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் சொக்கலிங்கம் கண்ணைத் திறந்து, என்னைச் சரியாகப் பார்த்து, "அண்ணே, பசிக்குது" என்றான். நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு வந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

அங்கிருந்து முசேயிடம் போனேன். அவர் முற்றத்தில் நின்றிருந்தார். இராத்திரி தூங்கவில்லை என்று முகம் சொன்னது.

"என் பேரைச் சொன்னியா?" என்றார்.

"இல்ல."

பிறகுதான் "பையன் எப்படி இருக்கான்?" என்றார்.

"பொழைச்சுக்கிட்டான்."

அவர் இரண்டு கேள்வியும் கேட்டார், இல்லையென்று சொல்லவில்லை. எந்தக் கேள்வி முன்னால் வந்தது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்த்துத் தொட்டி விளிம்பில் போட்டேன். அவரிடம் கற்றதை அங்கேயே போட்டுவிட்டு வர முடியாது, வரவும் இல்லை. இன்றைக்கும் தண்ணீரில் மணிக்கட்டை வைத்தால் என் கண் தானாக மூடிக்கொள்கிறது.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் பால்காரர் ஒருவரின் மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஓர் அறை கிடைத்தது. தகரத் தொட்டிகள் வாங்கிப் போட்டு, "இயற்கை வைத்தியம்" என்று பலகை எழுதி மாட்டினேன். இளைத்துக்கொண்டே வருகிற பிள்ளைகள், நிற்காத வயிற்றுவலி, மூச்சு மாறுகிறவர்கள், இவர்களை வாசலிலேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன். மற்றவர்களுக்குத் தொட்டி. பிழைப்பு சுமாராக ஓடியது.

ஒருநாள் சொக்கலிங்கம் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"அண்ணே, ஊசிய நிறுத்திப்புடலாம்னு இருக்கேன். இன்னிக்குக் காலையில போடல. நீங்க தொட்டி குடுங்க."

"ஏன்?"

"அது மாட்டோட வயித்துலேருந்து எடுக்கிறதாம்ல? ஆஸ்பத்திரி ஆளு சொல்லிச் சிரிக்கிறான். நாங்க சைவமுண்ணே. கிட்டங்கியில சாமி படம் இருக்கு, சமையல் நடக்குது. அங்க அத வைக்கக் கூடாதுன்னு மேலாளும் சொல்லிப்புட்டாக. வெக்கையில வேற கெட்டுப்போகுதாம்."

"ஊசி போடாம வந்தா உனக்கு இங்க தொட்டி கிடையாது."

"அண்ணே, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? நீங்க இயற்கை வைத்தியருல்ல?"

"ஆமா. இந்த ஊர்ல உனக்கு எல்லாரும் இயற்கை வைத்தியம் பாத்தாச்சு. இன்னொரு தரம் உன்னைத் தூக்க எனக்கு முதுகுல தெம்பில்ல."

"பாவமில்லையா அது?"

"பாவம்னா என் பற்றுல எழுது. முருகன் கேட்டா கலியபெருமாள்கிட்ட வசூல் பண்ணிக்கன்னு சொல்லு. மருந்து எங்க?"

மடியிலிருந்து துணியில் சுற்றிய சின்னப் புட்டியை எடுத்தான். வெக்கையில் புட்டி வெந்நீர் பட்டதுபோல் சூடாக இருந்தது. நான் ஒரு பெரிய மண்பானையை எடுத்து அதற்குள் ஆற்று மணலைக் கொட்டினேன். நடுவில் சின்னப் பானையைப் புதைத்து, மணலில் தண்ணீர் விட்டு, புட்டியை உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடினேன். சற்று நேரம் கழித்துக் கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். குளிர்ச்சியாக இருந்தது. மண்ணும் தண்ணீரும்தான், எங்கள் சரக்கு. அன்று முதல் அவன் காலையிலும் மாலையிலும் வருவான். நான் ஊசியைக் கொதிக்கவைத்துக் கொடுப்பேன், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தொடையில் குத்திக்கொள்வான். நீலப் புட்டியில் காய்ச்சிப் பார்த்துச் சாப்பாட்டைக் கூட்டிக் குறைப்போம். அதற்குப் பிறகு ஆசைப்பட்டால் தொட்டி.

விஷயம் வெளியே போனது. முசேயிடம் குணமான பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து என் அறைக்கு வந்தார்கள். முன்னால் ராமநாதன் செட்டியார். முசே வரவில்லை. செட்டியார் பானையைப் பார்த்தார், மூடியிருந்த துணியைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இயற்கை வைத்தியம்னு பலகையைப் போட்டுக்கிட்டு உள்ள ஊசி மருந்து வச்சிருக்க. எங்க எல்லாரு முகத்துலயும் கரியப் பூசுற. ஒண்ணு அத எடு, இல்ல பலகைய எடு."

வெளியே ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பலகையைக் கழற்றித் தூசியைத் தட்டி அவர் கையிலேயே கொடுத்தேன். பானை, சொக்கலிங்கம் கடையில் வேலைத் தவணைக் கணக்கு முடிந்து தன் காலால் நடந்து ஊர்க் கப்பலில் ஏறிய நாள்வரை, தொட்டிக்குப் பக்கத்தில் ஈரம் காயாமல் இருந்தது.